பதிகம் கேட்டு வந்த கோழிகள்

கூட்டில் உறங்கும் குருவிக்கும் கொம்பேறிக்
காட்டில் விழிக்கும் கழுகுக்கும் – ஊட்டும்
ஒருவனே உன்னை உணர்ந்தேனோ இல்லை
திருவடியே சொல்லத் துணை.

தைப்பூச நன்னாளாகிய இன்று, காலைப் பூசையை முடித்துப் புத்தரிசிப் பொங்கலைப் படைத்துவிட்டு இதை எழுத அமர்கின்றேன். காட்டுப் பராமரிப்பிலும் வேட்டைப் பறவை வளர்ப்பிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளாகிய நீங்கள் சிலர், என் வேலைக்காலத்தில் கற்றதை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தீன் கலக்கும் அளவையும் கூண்டு அமைக்கும் முறையையும் உங்கள் கல்லூரிகள் என்னைவிட நன்றாகக் கற்பித்திருக்கும். அவற்றை விடுகின்றேன். நான் செய்த ஒரு பிழையை மாத்திரம் எழுதுகின்றேன். பிழை நடந்தது உறுதி. அது எந்த இடத்தில் தொடங்கியது என்பதுதான் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எனக்கு விளங்கவில்லை. படித்துவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள். முடிவு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் டென்மார்க்கின் யூலன்ட் பகுதியில் உள்ள இக்காஸ்ட் நகரில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தேன். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கு விண்ணப்பம் கொடுத்திருந்தேன், பதில் வரவில்லை. எனக்கு மட்டுமல்ல, எங்களில் எவருக்கும் வரவில்லை. அவர்கள் வரலாம் என்று சட்டம் சொன்னது; ஆனால் கோப்புகள் எங்கோ அசையாமல் கிடந்தன. ஏன் என்று கேட்டால், கேட்ட இடத்திலும் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அமைச்சர் ஒருவர் கோப்புகளைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தது வெளிவந்து, பின்னாளில் நாடே ‘தமிழர் வழக்கு’ என்று பேசப்போகும் விவகாரத்துக்குள் நாங்கள் இருக்கின்றோம் என்பதை நாங்கள் அப்போது அறியோம். தபால்காரர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது தாங்க முடியாததாயிற்று. அதனால்தான் நாள் முழுவதும் வெளியே நிற்கக்கூடிய ஒரு வேலையைத் தேடினேன். ஊரில் நான் பாடசாலை ஆசிரியன். கோயிலில் பதிகம் பாடுபவன். கோழி வளர்த்தவன் அல்லன், உண்டவனும் அல்லன்.

இக்காஸ்டுக்குத் தெற்கே ஒரு பெரிய பண்ணை இருந்தது. அங்கே வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கும் காவலருக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. காவலர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். சொற்களை எண்ணிச் செலவிடும் மேற்கு யூலன்ட்காரர். அவர் டெனிஸ் மொழியில் சொன்னவற்றை நினைவிலிருந்து தமிழில் எழுதுகின்றேன். உண்மையில் அவர் இதனினும் குறைவாகவே பேசினார்.

நாங்கள் வளர்த்தது ஃபசான். நம் காட்டுக்கோழிக்கு உறவான பறவை. சேவலுக்குச் செம்பொன் உடலும் பச்சைக் கழுத்தும் நீண்ட வாலும் உண்டு. கோடையில் குஞ்சுகளை வளர்த்து, பற்றை என்று நாங்கள் சொல்லும் புதர்க்காட்டுக்குள் விடுவோம். இலையுதிர்காலத்தின் முடிவில் வேட்டை. தடிகளால் மரங்களைத் தட்டியபடி சிலர் வரிசையாகப் பற்றைக்குள் நடந்து பறவைகளைக் கலைப்பார்கள். எழுந்து பறப்பவற்றைச் சுட, மறுபுறத்தில் துப்பாக்கிகளோடு விருந்தினர் நிற்பார்கள். உயிர்க்கொலை செய்யாத குடும்பத்தில் பிறந்தவன், சுடப்படுவதற்கென்றே உயிர்களை வளர்க்கும் வேலைக்குச் சென்றேன். முதல் குழப்பம் அதுதான். கடைசிக் குழப்பம் அதுவல்ல.

பண்ணையின் நடுவே, ஒரு சேற்று நிலத்தைச் சூழ்ந்து அந்தப் பற்றை இருந்தது. முள்மரங்கள், நாணல், ஓரத்தில் பறவைகள் உறங்குவதற்கு ஏற்ற ஊசியிலை மரங்கள். முயலும் மானும் தவளையும் எண்ணற்ற சிறு குருவிகளும் அதற்குள் வாழ்ந்தன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உழுத வயல்.

“இதை வெட்டி, சேற்றை வடித்து, பார்லி விதைக்கவேண்டும் என்று முதலாளி இரண்டு வருடமாகச் சொல்கிறார்,” என்றார் காவலர் ஒருநாள்.

“ஏன் செய்யவில்லை?”

“வேட்டைக்குழு இதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. குழு போனால் பற்றையும் போகும்.”

“பற்றை போனால், இதற்குள் இருப்பவை?”

அவர் உழுத வயலைக் கையால் காட்டினார். 

அன்று மாலை இதை என் வீட்டுத் தோழனிடம் சொன்னேன். அவன் மன்னார்க் கத்தோலிக்கன். உடுப்புத் தொழிற்சாலையில் பின்னல் இயந்திரத்தில் வேலை செய்தான். வயதில் இளையவன், பகிடியில் மூத்தவன்.

“அப்ப அண்ணை, சுடுறவன் வந்தாத்தான் கோழி வாழும்?”

“அப்பிடித்தான் சொல்லுறார்.”

“நல்ல நாடு. எங்கட ஊருக்கும் சுடுறவன் வந்தவன். ஒருத்தரும் வாழேல்லை.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். 

இனிப் பிழைக்கு வருகின்றேன். குஞ்சுகளாய் இருக்கும்போது தீன் வைக்கையில் விசில் அடித்து அழைப்போம். பற்றைக்குள் விட்ட பின்னும் அவை சிதறிப் போகாதிருக்கச் சில வாரங்கள் அப்படியே அழைப்போம். அதன் பிறகு விசிலை நிறுத்திவிட வேண்டும். பீப்பாய்களில் கோதுமையை நிரப்பிவிட்டுச் சத்தமின்றித் திரும்பிவிட வேண்டும். “அவை காட்டுக்கு உரியவை ஆகவேண்டும். நீ யார் என்று அவற்றுக்குத் தெரியக்கூடாது,” என்று காவலர் சொல்லியிருந்தார்.

விசிலை நிறுத்தினேன். ஆயின் ஓர் உயிருக்கு உணவிடும்போது இறைவன் நாமம் சொல்லாமல் இடுவது எனக்குப் பழக்கமில்லை. காகத்துக்குப் பிடி சோறு வைத்தாலும், பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்தாலும், ஒரு பதிகத்தின் இரண்டடியாவது வாயில் இருக்கும். எனவே பீப்பாயை நிரப்பும்போது பாடினேன். விசில்தானே வேண்டாம் என்றார், பதிகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அது பணிவின் உடையணிந்த கள்ளம் என்று இன்று தோன்றுகிறது. அன்று அது பக்தி என்றே தோன்றியது.

முதலில் இரண்டடி, பின்னர் முழுப்பாட்டு. பறவைகள் நாணலை விலக்கிக்கொண்டு வந்து, கழுத்தைச் சாய்த்து, என்னைச் சுற்றி நின்றன. உண்மையைச் சொல்வதானால், இந்த நாட்டுக்கு வந்த பின் என் பாட்டை நின்று கேட்ட முதல் கூட்டம் அவைதான். வேண்டிய அளவுக்கு மேல் பாடினேன்.

வேட்டை நாள் நவம்பரின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை. நிலம் உறைபனியால் வெளுத்திருந்தது. எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர்தான் குழுவின் தலைவர். வைலே நகரிலிருந்து அவருடைய நண்பர்கள் வந்திருந்தார்கள். கலைப்பதற்கு ஆள் போதாமையால் என் தோழனையும் அழைத்துச் சென்றிருந்தேன். தடியொன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, “சூப்பும் தருவினமாம் எண்டு சொன்னனீங்கள், மறந்து போடாதேங்கோ,” என்றான்.

வரிசையாகப் பற்றைக்குள் நுழைந்தோம். அவன் எனக்கு வலப்புறம். இடப்புறத்தில் அயற்பண்ணை ஆட்கள். சிறிது தூரம் நடந்திருப்போம்; ஓரத்தில் தனியாக எழுந்த ஒரு சேவலை யாரோ சுட்டார்கள்.

வெடிச்சத்தம் எனக்குப் பழகிவிட்டது என்று காவலரிடம் முன்னமே சொல்லியிருந்தேன். பழகியிருக்கவில்லை. என் கால்கள் டென்மார்க்கில் நின்றன. மற்ற எல்லாம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. அங்கே வெடி கேட்டால் வீட்டின் நடுவே அமர்ந்து வாய்விட்டுப் பதிகம் பாடுவோம். பயம் வந்தால் அது தானாகவே வாயில் வரும். இங்கும் வந்தது. மெல்லிய குரலில் அல்ல. கோயில் மண்டபத்தில் பாடும் குரலில் வந்தது.

“அண்ணை,” என்றான் தோழன். “பாட்டை நிப்பாட்டுங்கோ.”

பாடிக்கொண்டே அவனைப் பார்த்தேன்.

“கீழ பாருங்கோ. உங்கட ஆக்கள் வந்திட்டினம்.”

பற்றையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஃபசான்கள் ஓடிவந்தன. பறக்கவில்லை, ஓடிவந்தன. தடி ஓசையையும் மனிதரையும் கடந்து வந்து, என் சப்பாத்துகளைச் சுற்றி நின்று கோதுமையைத் தேடின. ஒன்றன் மேல் ஒன்று ஏறும் அளவுக்கு நெருங்கி நின்றன.

“எங்கட பாதர் பெரிய வெள்ளிக்குப் பிரசங்கம் வைச்சாலும் இவ்வளவு சனம் வராது,” என்றான் அவன். 

இனி நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. பாட்டை நான் நிறுத்தினால், கலைப்பவர்கள் முன்னே நடப்பார்கள், பறவைகள் துப்பாக்கிகளை நோக்கி எழும், குழு மகிழும், பற்றை பிழைக்கும். தொடர்ந்து பாடினால் பறவைகள் என் காலடியில் நிற்கும், வேட்டை கெடும், குழு போகும், பற்றை போகும், அடுத்த ஆண்டு இவை நிற்க இடமே இராது. இரண்டும் அந்தக் கணத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. நான் நிறுத்தவில்லை. கருணையால் நிறுத்தவில்லையா, பயத்தால் நிறுத்த முடியவில்லையா, அல்லது அத்தனை உயிர்கள் என் குரலுக்கு வந்த பெருமையால் நிறுத்த மனம் வரவில்லையா? மூன்றையும் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கின்றேன். தராசு ஒருநாள் ஒரு பக்கம் சாயும், மறுநாள் வேறு பக்கம் சாயும்.

காவலர் கிளைகளை விலக்கிக்கொண்டு வந்தார். பறவைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பாட்டை நிறுத்தினேன்.

“எத்தனை நாளாக?” என்றார்.

“விட்ட நாளிலிருந்து.”

இடுப்பிலிருந்த ஊதுகொம்பை எடுத்து, வேட்டையை நிறுத்தும் குறியை ஊதினார். குழுத் தலைவர் துப்பாக்கியைச் சுடாதவாறு மடித்துக் கையில் தொங்கவிட்டபடி பற்றைக்குள் வந்தார்.

“என்ன? உள்ளே நரியா?”

“இல்லை. பறவைகள் மனிதருக்குப் பழகிவிட்டன. இன்று இந்தப் பற்றையில் வேட்டை இல்லை.”

“பழகினால் என்ன? அடித்து எழுப்புங்கள். எஸ்பியர்க்கிலிருந்து இவ்வளவு தூரம் நாங்கள் கோழி பார்க்க வரவில்லை.”

“எழுப்பலாம். எழுந்து நாலு முழம் பறந்து திரும்பவும் இவரிடமே வரும். கைக்கு வரும் பறவையைச் சுட நான் எவரையும் அனுமதிக்கமாட்டேன்.”

“யார் இப்படிப் பழக்கியது?”

நான் ஓரடி முன்னே வைத்தேன். காவலர் என் பக்கம் திரும்பவில்லை.

“பொறுப்பு என்னுடையது,” என்றார். “சொல்லிக்கொடுக்க வேண்டியதை நான் முழுமையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.”

அது உண்மையல்ல. அவர் சொல்லிக்கொடுத்தார், நான்தான் என் வசதிக்கு ஏற்ப விளங்கிக்கொண்டேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவருடைய மதிப்பாவது தப்பியிருக்கும். பறவைகளை அடித்து எழுப்பியிருந்தால் பற்றை தப்பியிருக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. அவர் கோயிலுக்கும் போகாதவர், தேவாலயத்துக்கும் போகாதவர். எந்த நூலில் அதைக் கற்றார் என்று கேட்கவேண்டும் என நினைத்ததுண்டு, கேட்கவில்லை.

தலைவர் குனிந்து, என் சப்பாத்து நாடாவைக் கொத்திக்கொண்டிருந்த ஒரு பேட்டுக்கோழியைப் பார்த்தார். “அடுத்த வருடம் ஒரு நாள் வருவோம்,” என்றார். “பறந்தால் குத்தகை தொடரும். இல்லாவிட்டால் உங்கள் முதலாளி பார்லி விதைக்கட்டும்.”

அவர்கள் போன பின் நான் வேலையை விட்டு விலகுவதாகச் சொன்னேன்.

“விலகினால் இதை யார் திருத்துவது?” என்றார் காவலர்.

“எப்படித் திருத்துவது?”

“அவை உன்னை மறக்கவேண்டும். மறந்தால் மட்டும் போதாது. உன்னைக் கண்டால் ஓடவேண்டும். வேறொருவர் விரட்டினால் அந்த ஒருவருக்குத்தான் பயப்படும். உன் குரலுக்கு வந்தவை, நீதான் விரட்டவேண்டும்.”

அந்த ஓராண்டைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனமில்லை. விடிவதற்கு முன் வந்து, பறவைகள் உறக்கம் விட்டு இறங்குமுன் பீப்பாய்களை வாய் திறவாமல் நிரப்புவேன். பின்பு விடிந்ததும் காவலரின் நாயோடு வந்து, பாடிக்கொண்டே அவற்றைத் துரத்துவேன். ஆம், பாடிக்கொண்டே, குரலைக் கேட்டதும் ஓடவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்யச் சொன்னார். இறைவன் நாமம் வாயில், மண்ணாங்கட்டி கையில்.

ஒரு பேட்டுக்குக் காலில் ஒரு விரல் கோணியிருந்தது. மற்றவை அஞ்சி விலகிய பின்னும் அது வந்தது. முதல் கட்டியை அதற்கு அருகே எறிந்தேன். விலகி நின்று மறுபடி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அதன் சிறகில் பட்டது. அது உடனே ஓடவில்லை. நின்று என்னைப் பார்த்தது. பின்பு நாணலுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை இல்லாததால் பார்க்க வந்திருந்த தோழன் வேலியோரம் நின்றான்.

“அண்ணை, நீங்கள் சைவம். கோழிக்குக் கல்லெறியிறியள். நான் கிழமைக்கு மூண்டு நாள் கோழி தின்னுறவன். எனக்குப் பாவமாக் கிடக்கு. இதுக்கு உங்கட சமயத்தில என்ன பேர்?”

“தெரியாதடா.”

“தெரிஞ்சா ஒருக்காச் சொல்லுங்கோ. எங்கட பாதரிட்டயும் கேக்க வேணும்.”

நான் பாடிவந்த பதிகங்களில், இறைவன் அடியவரைச் சோதித்து ஆட்கொள்வதைப் பற்றிப் பல பாட்டுகள் உண்டு. நாம் துன்பம் என்று எண்ணுவதும் அவன் எறியும் மண்ணாங்கட்டிதான், நம்மைத் துப்பாக்கியிடமிருந்து விலக்கவே எறிகின்றான் என்று எண்ணிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் நான் அவற்றை விரட்டியது துப்பாக்கியிடமிருந்து விலக்கவா, துப்பாக்கியை நோக்கிச் சரியாகப் பறக்க வைக்கவா? என் செய்கையை இறைவன் செய்கையோடு ஒப்பிட்டது எனக்கு வசதியான விளக்கம் என்பதும் அப்போதே புரிந்தது.

வசந்தத்தில் பற்றையின் ஓரங்களைக் காவலர் வெட்டாமல் விட்டார். குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பூச்சிகளைத் தின்றே வளர்பவை. பூண்டும் களையும் இல்லாவிட்டால் பூச்சி இல்லை. விரல் கோணிய பேட்டை அங்கே அடைகாக்கக் கண்டேன். நான் நெருங்குமுன் அது அலறிக்கொண்டு பறந்தது. முட்டைகள் முள்ளுக்குள் வெகு ஆழத்தில் இருந்தன. அச்சமுள்ள பறவைதான் அவ்வளவு மறைவாக முட்டையிடும், நரிக்கு எட்டாது என்றார் காவலர். இருக்கலாம். அந்தக் குஞ்சுகள் பொரித்து, என் பாட்டை ஒருபோதும் நல்ல செய்தியாகக் கேளாமல் வளர்ந்தன.

அடுத்த நவம்பரில் குழு வந்தது. நான் அதே இடத்தில் நுழைந்தேன். என் முதல் அடிக்கே பற்றை முழுவதும் வெடித்தெழுந்தது. ஊசியிலை மரங்களின் உச்சியைக் கடந்து, காற்றோடு சாய்ந்து, அவை அவ்வளவு உயரத்தில் பறந்தன. துப்பாக்கிகளுக்குப் பெரும்பாலானவை எட்டவில்லை. எட்டியவை விழுந்தன. மாலையில் விழுந்தவற்றை ஊசியிலைக் கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். கொம்பு ஊதப்பட்டது, எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். கிடத்திய உயிரை எவரும் தாண்டிச் செல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்; சுற்றித்தான் நடக்கவேண்டும். கிடப்பவரைத் தாண்டலாகாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அந்த நாளில் எனக்கு ஐயமின்றி விளங்கியது அது ஒன்றுதான். வரிசையைச் சுற்றி நடந்தபோது, ஒவ்வொன்றின் காலையும் பார்த்துக்கொண்டு போனேன். கோணல் விரல் எதுவும் அங்கே இல்லை.

“தொடர்வோம்,” என்றார் குழுத் தலைவர். பற்றை நின்றது.

“மோசமில்லை,” என்றார் காவலர் என்னிடம். அந்தப் பகுதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வசந்தத்தில், ஏன் நின்றது என்று அப்போது தெரியாதது போலவே ஏன் அசைந்தது என்றும் தெரியாமல், எங்கள் கோப்பு அசைந்தது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரையும் பற்றையைப் பார்க்க அழைத்துச் சென்றேன். வேலியைக் கடந்து நான் ஓரடிதான் வைத்தேன். நாணலுக்குள்ளிருந்து பறவைகள் அலறிக்கொண்டு எழுந்து மறுகரைக்குப் பறந்தன. மகள் பயந்து தாயின் சேலையைப் பிடித்தாள்.

“என்னப்பா இது?” என்றாள் மனைவி. “நீங்கள்தானே இதுகளை வளக்கிறதெண்டு சொன்னனீங்கள்?”

“ஓம். நான்தான்.”

“அப்ப ஏன் உங்களைக் கண்டு இப்பிடிப் பறக்குதுகள்? என்ன செய்தனீங்கள் இதுகளுக்கு?”

குத்தகை, பார்லி, எஸ்பியர்க்காரர், கொம்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இந்தப் பற்றை நிற்கவேண்டும் என்பதற்காகச் செய்தேன் என்று முடித்தேன். அவள் பற்றையைப் பார்த்தாள். பின்பு என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“எனக்கு விளங்கேல்லை,” என்றாள்.

“எனக்கும்தான்,” என்றேன்.

இதைப் படிக்கும் இளையோருக்கும், அவர்கள் தீன் வைக்கும் உயிர்களுக்கும், அந்த உயிர்களைத் தேடி வருவோருக்கும், ஒரு கடிதத்துக்காக எந்த நாட்டிலாயினும் காத்திருப்போருக்கும், அறிந்தும் அறியாமலும் நாம் செய்தவற்றையெல்லாம் பொறுக்கும் பெருமான் திருவருள் குறைவின்றிக் கிட்டுவதாக. எல்லோரும் நலமுடன் வாழ்க.